தம்பி சைக்கிளோட்டத்தைத் தொழிலாக எடுக்கப் போகிறானாம்: ட்ராக்கா, றோட்டா, ஏ/எல்லா?

காற்றுவழி (கொக்குவில்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 17 வயது, உயர்தரம் (ஏ/எல்) கணிதப் பிரிவு, முதலாம் வருடம். சின்னதிலிருந்தே சைக்கிள் றேஸ் பைத்தியம். சித்திரை வருடப்பிறப்புக்குச் சனசமூக நிலையங்கள் வைக்கும் ஓட்டம், கழகங்களின் ஆண்டுவிழா ஓட்டம், மாவட்ட மட்டம் என்று எங்கே வைத்தாலும் போய்விடுவான், அனேகமாக முதல் மூன்றுக்குள் வந்தும் விடுவான். ஆரம்பத்தில் வீட்டில் நின்ற சாதாரண லுமாலா சைக்கிளில்தான் ஓடினான். போன வருடம் சுவிஸில் இருக்கும் சித்தப்பா தன்னுடைய பழைய றேஸ் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். அதோடு ஆள் கையில் இல்லை. விடிய நாலரைக்கு எழும்பி பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய்த் திரும்பி வந்துதான் பள்ளிக்கூடம்.

இப்போது ஏ/எல்லை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுக்கப் போகிறேன் என்கிறான். சும்மா வாயால் சொல்லவில்லை. இரவிரவாக யூரியூப் பார்த்து ஒரு திட்டமே வைத்திருக்கிறான். முதல் ட்ராக் (வளைவில் சரிந்த தடத்தில் ஓடுவது), அதில் பெயர் எடுப்பது, அப்புறம் றோட், அப்புறம் ஐரோப்பாவில் ஒரு ரீம். பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸ் அப்படித்தான் வந்தார், ஜெரெய்ன்ட் தோமஸ் அப்படித்தான் வந்தார் என்று பட்டியல் வேறு. அப்பா அவனோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். அம்மா என்னிடம் "நீயாவது எடுத்துச் சொல்லன் பிள்ளை" என்கிறா. எடுத்துச் சொல்வதற்கு எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் இங்கே வந்தேன்.

இப்படி ஒரு தொழில் உண்மையில் இருக்கிறதா, சம்பளம் யார் கொடுப்பது? ட்ராக்கில் தொடங்கி றோட்டுக்குப் போகும் வழி எங்கள் ஊர்ப் பெடியனுக்குச் சரிவருமா? 17 வயதில் அவன் செய்ய வேண்டியது என்ன? "படிக்கச் சொல்லு" என்று மட்டும் எழுதாதீர்கள், அது வீட்டில் காலை மாலை நடக்கிறது.

---

சுன்னாகம்_செல்வன்

படிக்கச் சொல்லு.

மன்னிக்க வேண்டும், ஆனால் வேறு என்ன எழுதுவது? எங்கள் ஊரில் சைக்கிள் ஓடாதவர் யார்? 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் நின்றது. என் அப்பா முன் பாரில் என்னையும் கரியரில் அம்மாவையும் ஹாண்டிலில் இரண்டு பை மரக்கறியையும் வைத்துக்கொண்டு எதிர்க்காற்றுக்குள் உழக்கினார். அவரை ஒருத்தரும் ரூர் டி பிரான்ஸுக்குக் கூப்பிடவில்லை.

---

மில்டன்காரன் (ரொறன்ரோ)

செல்வன், உங்கள் அப்பாவின் உழக்கலை யாராவது வாட் கணக்கில் அளந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். சரி, அது இருக்கட்டும்.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது மில்டன் வெலோட்ரோமுக்கு, அதாவது ட்ராக் ஓட்ட அரங்குக்கு, போய் ஓடுகிறேன். போட்டிக்காரன் இல்லை, நாற்பது தாண்டிய வண்டிக்காரன், வயிற்று வண்டியைச் சொல்கிறேன். அந்த இடம் 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுகளுக்காகக் கட்டியது. 250 மீற்றர் மரப்பலகைத் தடம், வளைவில் 42 பாகை சரிவு. ரீவியில் பார்க்க அது விளங்காது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இதில் சைக்கிள் எப்படி நிற்கும் என்று வயிறு கலக்கும். அந்தச் சைக்கிளில் பிறேக் இல்லை, பிரீவீல் இல்லை, கியர் ஒன்றே ஒன்று. சக்கரம் சுற்றும் வரைக்கும் கால் சுற்றியே ஆகவேண்டும். களைத்துப்போய் ஒரு நொடி உழக்காமல் விடுவோம் என்று காலை இறுக்கினீர்களோ, பெடல் உங்களைச் சீற்றிலிருந்து கிளப்பிவிடும். வேகம் குறைந்தால் வளைவில் ரயர் வழுக்கும், அதனால் பயந்து மெதுவாகப் போவதும் முடியாது. பயிற்சி வகுப்புகளை முடித்துத் தேறாமல் ஒருவரையும் தனியே ஓட விடமாட்டார்கள்.

தம்பியின் திட்டத்துக்கு வருவோம். ட்ராக்காரர் எல்லோரும் ஒரே சாதி இல்லை. ஸ்பிரிண்ட், கெய்ரின், ரீம் ஸ்பிரிண்ட் ஓடுகிறவர்கள் ஒரு வகை. மரக்குற்றி மாதிரித் தொடை, ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பார்கள், அவர்கள் றோட் பக்கம் வருவது அருமையிலும் அருமை. பேர்சூட், மடிசன், ஓம்னியம் ஓடுகிறவர்கள் மற்ற வகை, கனநேரம் தாங்கி ஓடுகிறவர்கள். தம்பி சொல்லும் ஆட்கள் எல்லாம் இந்த இரண்டாவது கூட்டம். தனிநபர் பேர்சூட் (தடத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கி இருவர் துரத்துவது) ஆண்களுக்கு 4 கிலோமீற்றர், நின்ற நிலையில் தொடங்க வேண்டும். இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022இல் அதை 3 நிமிடம் 59.636 விநாடியில் முடித்தார். நின்ற இடத்திலிருந்து கிளம்பியதையும் சேர்த்துச் சராசரி மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். அதே மாதம் ஒரு மணித்தியாலச் சாதனையையும் 56.792 கிலோமீற்றர் என்று வைத்தார். இப்படிப்பட்ட இயந்திரம் றோட் ரைம் ட்ரயலுக்கு (ஒவ்வொருவராகத் தனியே நேரத்துக்கு ஓடுவது) அப்படியே பொருந்தும், கன்னா 2020இலும் 2021இலும் அதில் உலகச் சம்பியன்.

விக்கின்ஸும் அதே கதைதான். 2000 சிட்னியில் ரீம் பேர்சூட் வெண்கலம், 2004 ஏதென்ஸில் தனிநபர் பேர்சூட் தங்கம், 2008 பெய்ஜிங்கில் இரண்டு தங்கம். அப்புறம் உடம்பை வற்ற வைத்து மலை ஏறப் பழகி 2012இல் மூன்று வாரம் கட்டம் கட்டமாக ஓடும் ரூர் டி பிரான்ஸ் வென்றார், பத்து நாளில் லண்டன் ஒலிம்பிக் ரைம் ட்ரயல் தங்கம். 2016இல் திரும்ப ட்ராக்குக்கு வந்து ரீம் பேர்சூட்டில் இன்னொன்று.

தம்பி பார்க்கும் வீடியோக்களில் ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள். விக்கின்ஸும் தோமஸும் ட்ராக்கில் தொடங்கியது ட்ராக் நல்ல பள்ளிக்கூடம் என்பதால் மட்டும் இல்லை, அந்த நாட்டில் காசு ட்ராக்கில் இருந்தது. 1994இல் மன்செஸ்டரில் வெலோட்ரோம் கட்டினார்கள், 90களின் கடைசியில் லொத்தர் பணம் வரத் தொடங்கியது, அந்தப் பணம் பதக்கம் தரக்கூடிய இடத்துக்குப் போனது. ட்ராக்கில் ஓடப் பெடியளுக்கு மாதக் காசு கிடைத்தது, சாப்பாடு, கோச், வைத்தியர் எல்லாம் கிடைத்தது. அந்த மாதக் காசு இல்லாத நாட்டில் ட்ராக்கில் தொடங்குவது என்றால் தம்பி முதலில் தடத்தையே கட்ட வேண்டும்.

கனடாவிலும் பாருங்கள். டெரெக் ஜீ என்று ஒட்டாவாப் பெடியன், டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவின் ரீம் பேர்சூட் அணியில் ஓடினார், அணி ஐந்தாவது. வெளியே அப்போது ஒருத்தருக்கும் பெயர் தெரியாது. பிறகு றோட்டுக்கு மாறி 2023இல் ரூர் மாதிரியே இத்தாலியில் நடக்கும் ஜிரோ டி இத்தாலியாவில் நான்கு கட்டங்களில் இரண்டாவதாக வந்தார். நான்கு தரம் வெற்றிக்குக் கிட்டப் போய்க் கைநழுவுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நானாக இருந்தால் சைக்கிளை விற்றிருப்பேன். 2024 ரூரில் மொத்தத்தில் ஒன்பதாவது, 2025 ஜிரோவில் நான்காவது. ஆளுக்குப் பொழுதுபோக்கு பறவை பார்ப்பது. ட்ராக்கிலிருந்து றோட்டுக்குப் போகும் வழி பொய் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்த வழியின் தொடக்கத்தில் நிற்பது ஒரு தேசிய அணி, ஒரு மரத் தடம், சம்பளம் வாங்கும் ஒரு கோச்.

சம்பளக் கதை சுருக்கமாக. ட்ராக்கில் மட்டும் ஓடிப் பிழைக்கக்கூடிய பெரிய இடம் ஜப்பானின் கெய்ரின்தான். 1948இல் தொடங்கிய பந்தயச் சூதாட்டம் அது, 40க்கு மேற்பட்ட தடங்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்கள், உள்ளே போவதற்கு இசுவில் தனிப் பள்ளி. மற்றப்படி 2021இல் ட்ராக் சம்பியன்ஸ் லீக் என்று பெரிய எடுப்பில் தொடங்கினார்கள், 2024ஓடு நின்றுவிட்டது. றோட்டில் காசு இருக்கிறது, ஆனால் மேலே மட்டும். உச்சத்தில் இருக்கும் வேர்ல்ட் ரூர் அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 40,000 யூரோவுக்குக் கொஞ்சம் மேல், அதற்குக் கீழே இறங்க இறங்க சைக்கிளும் சாப்பாடும் கிடைத்தாலே கெட்டித்தனம். ரூர் வென்றவருக்கு 500,000 யூரோ, அதையும் வழக்கப்படி அணிக்குள் பகிர்ந்துவிடுவார்கள். அணியில் பெரும்பாலானோரின் வேலை வெல்வது இல்லை. தலைவருக்கு முன்னால் காற்றை வாங்குவதும் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல் சுமப்பதும்தான். இன்னொன்று, ஐந்து ஒலிம்பிக் தங்கமும் சேர் பட்டமும் வாங்கிய அதே விக்கின்ஸ் 2024இல் வங்குரோத்தானவராக அறிவிக்கப்பட்டார். தம்பிக்கு இதையும் காட்டுங்கள்.

---

பழைய_பெடல் (வவுனியா)

மில்டன்காரர் கனடாவிலிருந்து எழுதிவிட்டார், நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் கழகத்துக்காக ஓடியவன், இப்போது கடை வைத்திருக்கிறேன்.

இங்கே சைக்கிளோட்டம் தொழில் என்றால், ஒரு நிறுவனத்தில் உத்தியோகம், அந்த உத்தியோகத்தின் பேரில் சைக்கிள். தேசிய மட்டத்தில் முன்னுக்கு நிற்கும் ஆட்களில் கனபேர் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். அவர்களுக்கு மாதச் சம்பளம், ஓட விடுமுறை, சைக்கிள், மசாஜ் பண்ண ஆள். விமானப்படை வருடாவருடம் வைக்கும் நெடுந்தூர ஓட்டத்தைப் பார்த்தால் தெரியும், ஒரே நிறச் சட்டையில் ஐந்தாறு பேர் முன்னுக்கு மாறி மாறி இழுப்பார்கள், தனியே வந்தவன் மூன்றாவது மணித்தியாலத்தில் பின்னுக்குப் போய்விடுவான். எங்கள் பக்கத்துப் பெடியனுக்கு அந்த வாசல் எப்படிப்பட்டது என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கும்.

தடம் பற்றி: இலங்கையில் உள்ளரங்க மர வெலோட்ரோம் இல்லை. கிட்டவுள்ளது டெல்லி இந்திரா காந்தி மைதானத்தில். அந்தமானிலிருந்து வந்த ஈசோ ஆல்பன் அங்கே பயிற்சி எடுத்துத்தான் 2019இல் ஜூனியர் ரீம் ஸ்பிரிண்ட் உலகச் சம்பியன் அணியில் ஓடினார். தீவுப் பெடியன்தான், ஆனால் இந்திய அரசின் பயிற்சி முறைக்குள் போன தீவுப் பெடியன்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைத் தம்பி தேடிப் பார்க்க வேண்டும். சுவிஸில் ஏகிள் என்ற ஊரில் யூசிஐயின் (சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம்) உலக சைக்கிளோட்ட மையம் இருக்கிறது, 200 மீற்றர் மரத் தடத்தோடு. வசதி குறைந்த நாட்டுப் பெடியளை எடுத்து அங்கே வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் அதற்குள்ளால் வந்தவர், 2024 ரூரில் மூன்று கட்டம் வென்று, புள்ளிகளில் முதலாவது ஆளுக்குரிய பச்சைச் சட்டையோடு வீட்டுக்குப் போனார். ஆனால் நீங்களாகப் பெட்டி கட்டிக்கொண்டு போய் இறங்க முடியாது. தேசியச் சம்மேளனம் பெயர் கொடுக்க வேண்டும். சம்மேளனம் பெயர் கொடுக்க வேண்டும் என்றால் தேசிய ஜூனியர் ஓட்டங்களில் தம்பியின் பெயர் இருக்க வேண்டும். ஜூனியர் என்றால் 17, 18 வயது, ஓடும் வருடத்தில் எத்தனை வயதாகிறது என்று பார்ப்பார்கள். அதாவது அவனுக்கு ஏ/எல்லும் ஜூனியரும் ஒரே நேரம். சனசமூக நிலையக் கோப்பைகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பதிவுள்ள கழகம் ஒன்றில் சேர்ந்து தேசிய ஓட்டங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து அவன் ஓடும் விதத்தையும் ஊகிக்கிறேன். பிழையென்றால் சொல்லுங்கள். விசில் அடித்தவுடன் முன்னுக்குப் போய்விடுவான், ஒருத்தரும் பிடிக்க முடியாது, தனியே வருவான். ஊர் ஓட்டத்தில் அது சரிவரும். அறுபது எழுபது பேர் ஒன்றாக ஓடும் கூட்டத்தில் அது தற்கொலை. முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான், பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவன் நாலில் ஒரு பங்குக்கு மேல் பலத்தை மிச்சம் பிடிக்கிறான். கடைசி ஐந்து கிலோமீற்றரில் அந்த மிச்சம்தான் வெல்லும். அரை அடி இடைவெளியில் மற்றவனின் பின்சக்கரத்தைத் தொடாமல் ஒரு மணித்தியாலம் ஓடப் பழக வேண்டும். தனிய வேலணைக்குப் போய் வருவதால் இது வராது.

நல்லகாலம், நம்மிடம் மலை இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் நாலு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பொன்னாலைப் பாலத்தால் காரைநகர்ப் பக்கம் போகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்பதற்கு ஒரு பனை கிடையாது. காற்று பக்கத்தால் அடிக்கும்போது நேர் பின்னால் ஒட்டிப் பயனில்லை, காற்று வரும் பக்கத்துக்கு மற்றப்பக்கமாகச் சரிந்து, விசிறி விரித்ததுபோல் நிற்க வேண்டும், முன்னால் நிற்கிறவன் சுற்றி மாற வேண்டும். பெல்ஜியக்காரர் இதில்தான் ஆட்களை உரித்துப் போடுவார்கள். பாலத்தில் பஸ் வரும், அதனால் வெள்ளண, வாகனம் குறைந்த நேரத்தில், பாதையை முழுக்க அடைக்காமல்.

---

காற்றுவழி (கொக்குவில்)

நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய_பெடல் அண்ணை, நீங்கள் ஊகித்தது அப்படியே சரி. தனியே வந்து வெல்வான், கூட்டமாக முடிவுக்கு வந்தால் மூன்றாவது நான்காவதுதான்.

நான் அச்சடித்துக் கொடுக்கவில்லை, அவனே என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டான். விக்கின்ஸ் வங்குரோத்து என்றதும் முகம் சுருங்கியது. பிறகு உடனே "றோட் சம்பியன் ரோக்லிச் 22 வயதுக்குப் பிறகுதானே தொடங்கினார், அதற்கு முன் பனிச்சறுக்குப் பாய்ச்சல்காரன், எனக்கு இன்னும் காலம் இருக்கு" என்கிறான். அப்படியென்றால் ஏ/எல் முடித்துவிட்டுத் தொடங்கு என்றேன். அதற்குப் பதில் இல்லை, எழும்பிப் போய்விட்டான்.

ஒரு கேள்வி. அவன் உயரம் 5 அடி 7, எடை 61 கிலோ. அவனுக்கு உண்மையிலே பலம் இருக்கிறதா, ஊருக்குள் மட்டும் ராசாவா என்று இங்கிருந்தே அளந்து பார்க்க ஏதும் வழி இருக்கிறதா? வாட் அளக்கும் கருவி வாங்கக் கட்டாது.

---

மில்டன்காரன் (ரொறன்ரோ)

ரோக்லிச் கதையில் உங்கள் பதில்தான் சரியான பதில். ஆனால் அவர் 22 வயது வரை சும்மா இருக்கவில்லை, 2007இல் ஜூனியர் அணிப் பாய்ச்சலில் உலகச் சம்பியன். வேறு விளையாட்டில் உச்சத்தில் நின்ற உடம்பு அது. கனடாவின் கெல்சி மிச்சலும் அப்படித்தான், உதைபந்தாட்டக்காரி, 2017இல் திறமை தேடும் முகாம் ஒன்றில் பலத்தை அளந்து பிடித்தார்கள், டோக்கியோவில் ட்ராக் ஸ்பிரிண்ட் தங்கம். பிடித்தது ஆள் இல்லை, அளவு. ஆகவே நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

கருவி இல்லாமல் செய்வதென்றால், சந்தி குறைந்த, வளைவு குறைந்த ஒரு பாதையில் பத்துக் கிலோமீற்றர் அளந்து, போய்த் திரும்பி, 20 கிலோமீற்றர் தனியாக முழுப் பலத்தோடு ஓடச் சொல்லுங்கள். திரும்பி வருவது முக்கியம், இல்லாவிட்டால் பின்காற்று தள்ளியதைத் தன் பலம் என்று எழுதிவிடுவான். காற்று ஆகலும் குறைந்த விடியலில், ஒரு கார், மோட்டார் சைக்கிளின் பின்னாலும் ஒட்டாமல். மாதம் ஒரு தரம், அதே பாதை, அதே சைக்கிள், ரயரில் அதே காற்று. ஒரு தரம் வந்த நேரத்தைப் பார்த்துத் துள்ள வேண்டாம், ஆறு மாதத்தில் நேரம் இறங்குகிறதா என்று பாருங்கள். 17 வயதில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அதோடு ஒருநாள் கண்டிப் பக்கம் போனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓடவிடுங்கள். 61 கிலோ உடம்புக்கு மலை பிடிக்கலாம். முன்னணி மலையேறிகள் அரை மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 6 வாட் அளவில் உழக்குவார்கள். குடாநாட்டில் பிறந்தவனுக்குத் தான் மலையேறியா இல்லையா என்று தெரியவே வழியில்லை. எங்கள் ஊரில் பெரிய ஏற்றம் என்றால் பாலத்தின் நடுப்பகுதிதான்.

---

தாரணி_கே (பருத்தித்துறை)

நான் இயன்மருத்துவர். எல்லோரும் வாட், யூரோ என்று எழுதிவிட்டீர்கள், முதல் பதிவில் ஒரு வரியை ஒருவரும் கவனிக்கவில்லை. விடிய நாலரைக்கு எழும்புகிறான், இரவிரவாக யூரியூப் பார்க்கிறான். அப்போ எப்போது நித்திரை? பயிற்சியால் உடம்பு பலக்காது, பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வில்தான் பலக்கும். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பெடியன். ஏ/எல்லை விடுவதற்கு முன் போனை விடச் சொல்லுங்கள்.

அடுத்தது விழுதல். மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங், ஆசியாவின் பெரிய கெய்ரின் ஓட்டக்காரர், 2017 உலகச் சம்பியன், ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி. 2011இல் மன்செஸ்டரில் விழுந்து தடத்தின் பலகைச் சிராய் ஒன்று கெண்டைக்காலின் ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் வந்தது, எழும்பி ஓடி முடித்தார். வீரம் என்று எல்லோரும் அந்தப் படத்தைப் பகிர்வார்கள். ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2018 ஜூனில் பயிற்சியின்போது தடத்தில் இன்னொருவரோடு மோதி முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இன்றைக்குச் சக்கர நாற்காலியில். அந்தப் படத்தைப் பகிர்வது குறைவு. நான் பயமுறுத்தவில்லை, ஹெல்மெட், முன்னும் பின்னும் லைற், காப்புறுதி, மூன்றும் இல்லாமல் இருட்டுக்குள் பண்ணைப் பாலத்தால் போகக்கூடாது என்கிறேன். வாய்க்குள் வராத பேருள்ள புரதப் பவுடர்களையும் ஜிம்மில் யாரும் கொடுத்தால் வாங்க வேண்டாம். தேசிய மட்டத்துக்குப் போனால் ஊக்கமருந்துச் சோதனை இருக்கிறது, தெரியாமல் குடித்தேன் என்றால் அங்கே எடுபடாது.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். இதே கேள்வியை ஒரு தங்கச்சிக்காகக் கேட்டிருந்தால் இத்தனை நீளப் பதில் வந்திருக்குமோ தெரியாது. பெண்களுக்கு உச்ச அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2020இல்தான், அதுவும் 15,000 யூரோவில் தொடங்கியது. ஆனால் தம்பிக்கு உண்மையில் காட்ட வேண்டிய ஆள் ஒரு பெண். அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபோக்னர். ஹார்வர்டில் படித்தார், அங்கே படகு வலித்தார், முதலீட்டு நிறுவனத்தில் வேலை செய்தார், 2017இல்தான் நியூயோர்க்கில் சைக்கிளோட்டப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனார். பாரிஸ் 2024இல் றோட் ஓட்டத்துக்கு முதலில் தெரிவாகவே இல்லை, வேறொருவர் விட்டுக்கொடுத்த இடம். அதில் தங்கம், சில நாளில் ட்ராக் ரீம் பேர்சூட்டிலும் தங்கம். படிப்பை முடித்ததால் கால் பலம் குறைந்துவிடவில்லை.

---

சுன்னாகம்_செல்வன்

கடைசியில் எல்லோரும் நான் சொன்ன இரண்டு வார்த்தைக்குத்தான் வந்து நிற்கிறீர்கள்.

---

பழைய_பெடல் (வவுனியா)

இல்லைத் தம்பி, நிற்கவில்லை. நீங்கள் சொன்னது "சைக்கிளை விடு, படி". நான் சொல்வது படித்துக்கொண்டே இந்த இரண்டு வருடமும் ஜூனியர் ஓடட்டும். இந்த இரண்டு வருடத்தை விட்டால் பிறகு 23 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவில் படை அணிப் பெடியளோடு நேரே மோத வேண்டும், அங்கே போய்ப் பாடம் படிக்க நேரம் தரமாட்டார்கள். ஏ/எல்லை இரண்டாம் தரமும் எடுக்கலாம். ஜூனியர் இரண்டாம் தரம் கிடையாது. அப்பாவிடம் இதை நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

---

காற்றுவழி (கொக்குவில்)

அப்பாவிடம் 20 கிலோமீற்றர் சோதனையைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் பின்னேரம் மோட்டார் சைக்கிளின் மீற்றரை வைத்துப் பலாலி றோட்டில் பத்துக் கிலோமீற்றர் எது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தம்பிக்கு இன்னும் தெரியாது. போனைப் பத்து மணிக்கு அம்மாவிடம் கொடுப்பதாக ஒப்பந்தம், எத்தனை நாளைக்கு நிற்குமோ பார்ப்போம்.

இன்னொரு சின்ன விசயம். சித்தப்பா 5 அடி 11, அவருடைய சைக்கிள் இவனுக்குப் பெரிசு. நீண்ட தூரம் ஓடினால் தோளும் பிடரியும் நோகிறது என்கிறான். இங்கே ஒரு கடையில் சீற்றை நல்லா முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது முழங்காலும் நோகிறதாம்.

---

பழைய_பெடல் (வவுனியா)

கைக்கு எட்டவில்லை என்பதற்காகச் சீற்றை முன்னுக்குத் தள்ளக்கூடாது, அதுதான் முழங்காலைப் பிடிக்கிறது. சீற்றைப் பழைய இடத்துக்கு எடுங்கள். சீற் உயரத்துக்கு, பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக வர வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு இருக்கும், அது போதும்.

தூரத்தை ஹாண்டில் பக்கம் குறைக்க வேண்டும். இப்போது பூட்டியிருக்கும் ஸ்டெம் (ஹாண்டில் பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) அனேகமாக 110 அல்லது 120 மில்லிமீற்றர் இருக்கும், 90இல் ஒன்று போதும், சித்தப்பாவிடமே கேளுங்கள், அங்கே பழைய சாமான் கடைகளில் மலிவு. ஆனால் ஹாண்டில் பாரின் நடுத் தடிப்பை முதலில் அளந்து அனுப்புங்கள். புதியவை 31.8 மில்லிமீற்றர், பழைய றேஸ் சைக்கிள்களில் 26 அல்லது 25.4 இருக்கும். மாறி வந்தால் பூட்ட முடியாது. ஸ்டெம் போர்க்குக்குள் இறங்குகிற வகையா, மேலால் கவ்வுகிற வகையா என்று ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.